மருந்தடித்த உடலுக்கு எத்தனை மதிப்பெண்? தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கும் ஏலமலைத் தொழிலாளரும்

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணியிலிருந்து கொழுக்குமலை செல்லும் வழியில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றத்திற்கு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் தீக்குள் சிக்கினர். காயம்பட்டவர்கள் போடி அரசு மருத்துவமனைக்கும், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாள்களில் செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். காயம்பட்டோரின் நிலையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விழுக்காடும் சொல்லப்பட்டது: 40 விழுக்காடு, 70 விழுக்காடு, 90 விழுக்காடு. யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை நாடே அந்த எண்ணைக் கொண்டு கணித்தது.

அந்த எண் ஒரு நோய்த் தீவிர மதிப்பெண். தீக்காயத்தைப் பொறுத்தவரை அது பழைய கணக்கு. பிரெஞ்சு மருத்துவர் செர்ஜ் போ 1961இல் முன்வைத்த முறைப்படி, நோயாளியின் வயதையும் உடலில் எரிந்த பரப்பின் விழுக்காட்டையும் கூட்டினால் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழத் தெரிந்துவிடும். புகையை உள்ளிழுத்து நுரையீரல் கெட்டிருந்தால் 17 சேர்க்க வேண்டும் என்பது பின்னாளில் வந்த திருத்தம். எத்தனை விழுக்காடு எரிந்ததோ ஏறத்தாழ அத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும் என்பது தீக்காயப் பிரிவுகளில் வழங்கும் மற்றொரு கணக்கு. நோய் எவ்வளவு கடுமையானது, எத்தனை நாள் படுக்கை தேவைப்படும் என்னும் இரு கேள்விகளும் ஒரே எண்ணிலிருந்து விடை பெறுகின்றன.

இதே மலைச்சரிவுகளில் ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஏறி இறங்கும் மக்கள் இருக்கிறார்கள். போடி ஒன்றியத்தின் சிலமலை போன்ற ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்து இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள் அவர்கள். களையெடுத்தல், காயெடுத்தல், உரமிடல் ஆகிய வேலைகளோடு மருந்தடித்தலும் அவர்கள் வேலை. இவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்களும் நிலமற்ற பிற ஏழைகளும். அவர்களுடைய உடல் நச்சேறித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது, அங்கே அவர்களுக்கு இடப்படும் மதிப்பெண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அதைப் பொறுத்து அவர்களுக்குக் கிடைக்கும் நாள்கள் எத்தனை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பெண் எப்படி உருவாகிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகப் பரவலாக வழங்கும் மதிப்பெண் முறைகளுள் ஒன்று 'அப்பாச்சி'. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் நாஸ் தலைமையிலான குழு 1981இல் இதை வெளியிட்டது. 1985இல் அதைச் சுருக்கி 'அப்பாச்சி-2' ஆக்கியது. 13 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 5,815 நோயாளர்களின் பதிவுகள் அதற்கு அடிப்படை. உடல் வெப்பம், சராசரி இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு வீதம், இரத்தத்தில் உயிர்வளி, இரத்தத்தின் அமிலத்தன்மை, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், இரத்த அணுக்களின் அடர்த்தி, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, நினைவுநிலை ஆகிய 12 அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சேர்க்கப்பட்ட முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் எட்டிய மிக மோசமான அளவுக்கு மதிப்பெண் இடப்படும். அதனோடு வயதுக்கான மதிப்பெண்ணும், முன்பே இருந்த கடும் நாட்பட்ட நோய்க்கான மதிப்பெண்ணும் கூட்டப்படும். மொத்தம் 0 முதல் 71 வரை. எண் கூடக்கூட இறப்பு வாய்ப்பு கூடும்.

1996இல் வந்த 'சோஃபா' வேறு வகை. நுரையீரல், இரத்தம் உறைதல், கல்லீரல், இதயமும் இரத்த ஓட்டமும், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறு அமைப்புகளுக்கும் 0 முதல் 4 வரை நாள்தோறும் மதிப்பெண் இடுவது அது. 2006இல் வந்த 'அப்பாச்சி-4' இறப்பு வாய்ப்பை மட்டுமின்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் தங்கக்கூடிய நாள்களையும் கணித்துச் சொல்கிறது.

இந்த எண்கள் மருத்துவர்களுக்கு மிகவும் தேவையானவை. இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட வேண்டுமானால் இறந்தவர்களை எண்ணினால் மட்டும் போதாது. கடும் நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையில் இறப்பு மிகுந்திருக்கும். எளிய நோயாளிகளை மட்டும் ஏற்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனை நல்ல பெயர் எடுத்துவிடும். மதிப்பெண்ணைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க இறப்பு எத்தனை என்று கணித்து, நடந்த இறப்பை அதனால் வகுத்தால்தான் உண்மை தெரியும். தங்கும் நாள்களுக்கும் இதே முறை பொருந்தும். அரசு மருத்துவமனையில் கூடுதல் செவிலியர் வேண்டும், கூடுதல் செயற்கைச் சுவாசக் கருவிகள் வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

எனவே மதிப்பெண்ணே வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. யாருடைய உடல்களை வைத்து அது அளவெடுக்கப்பட்டது, யாருக்கு அது பொருந்தாமல் போகிறது என்பதே நாம் கேட்பது.

விடுபட்ட அளவு, 'இயல்பான' அளவு

அப்பாச்சி முறையில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. 12 அளவுகளில் ஏதேனும் ஒன்று எடுக்கப்படவில்லை என்றால் அது இயல்பாக இருப்பதாகக் கொள்ளப்படும், மதிப்பெண் சுழி. எல்லாப் பரிசோதனைகளும் மணிக்கணக்கில் நடக்கும் பெருநகர மருத்துவமனையில் இதனால் பெரிய தீங்கு இல்லை. அங்கே மருத்துவர் ஒன்றைச் சோதிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது தேவைப்படவில்லை என்றே பொருள். ஆனால் இரவில் தமனி இரத்த வளிமப் பரிசோதனை செய்ய வழியில்லாத இடத்தில் இந்த விதியின் பொருள் தலைகீழாகிறது. அங்கே பரிசோதிக்க வசதியில்லாமை நோயாளியின் நலமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

வயதுக்கான மதிப்பெண்ணையும் பார்ப்போம். 44 வயது வரை சுழி. 45 முதல் 54 வரை 2. 55 முதல் 64 வரை 3. 65 முதல் 74 வரை 5. அதற்கு மேல் 6. பிறந்த ஆண்டைக் கொண்டு உடலின் தேய்மானத்தை அளக்கும் முறை இது. ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் இறக்கும் தலித் பெண்களின் சராசரி வயது உயர்சாதிப் பெண்களின் சராசரி வயதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று சுட்டியது. பதினைந்து வயது முதல் சுமை தூக்கி, அரை வயிற்றோடு மலையேறி, நச்சுத் திவலைகளை மூச்சில் இழுத்து வந்த உடலுக்கு 44 வயதில் என்ன தாங்குதிறன் மிஞ்சியிருக்கும்? மதிப்பெண் தாளில் அது சுழி.

நாட்பட்ட நோய்க்கான மதிப்பெண்ணும் அப்படியே. கல்லீரல், இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் கடும் பழுது முன்பே பதிவாகியிருந்தால்தான் அது சேரும். ஒருநாள் கூலியை விட்டு மருத்துவரிடம் போக முடியாதவருக்கு நோய் இருக்கலாம். நோய்க்கான பதிவு இருக்காது. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் இங்கே தடுமாறுகிறது. அது தசையிலிருந்து வரும் கழிவு. ஊட்டமின்றித் தசை வற்றிய உடலில் அதன் அளவு முன்பே குறைவாக இருக்கும். சிறுநீரகம் கெடத் தொடங்கிய பின்னும் எண் 'இயல்பு' எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.

இவை ஒவ்வொன்றும் சிறிய பிழை. ஆனால் எல்லாம் ஒரே திசையில் சேர்கின்றன. வறியவரின் நோய் தாளில் உள்ளதைவிடக் கடுமையானது. அவர் இறந்தால் 'எதிர்பாராத இறப்பு' ஆகிறது. அவர் நெடுநாள் தங்கினால் 'தேவைக்கு மேல் தங்கியவர்' ஆகிறார்.

சிலமலையிலிருந்து க.விலக்கு வரை

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இவர் உண்மை மனிதர் அல்லர். நிலைமையை விளக்க நாம் வரைந்துகொள்ளும் ஆள். வயது 42. ஊர் சிலமலை. பூப்பாறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடிக்கிறார். நம் மக்கள் நோய்க்குக் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். பூச்சிக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். பின்னதில் பெரிய பங்கு கரிமப் பாஸ்பரஸ் வகை நஞ்சு. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை அந்த வகை.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்வது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அகற்றுவது ஒரு நொதி. கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணீர், எச்சில், வியர்வை வழியும்; கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும்; நாடி தளரும்; தசைகள் துடிக்கும்; நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு முட்டும். இந்நஞ்சைக் குடிக்க வேண்டும் என்பதில்லை. நனைந்த சட்டை வழியாகத் தோலுக்குள்ளும், திவலை வழியாக நுரையீரலுக்குள்ளும் அது புகும். ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேல் வளர்வது. நிழல் அடர்ந்த, காற்றோட்டம் குறைந்த தோட்டத்தில் மேல்நோக்கி அடிக்கும் திவலை அடிப்பவர் மீதே இறங்கும்.

நம் தொழிலாளிக்கு நண்பகலில் தலை சுற்றுகிறது. மாலை ஜீப்பில் இறங்கும்போது வாந்தி எடுக்கிறார். போடியில் அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் எளிய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. இலங்கையின் பேராதனையில் பணியாற்றிய சேனாநாயக்கவும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட 'பேராதனை அளவுகோல்' அது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு அருகில், நஞ்சேறியவர்களை நாள்தோறும் கண்ட மருத்துவர்கள் உருவாக்கியது. ஆய்வகமே தேவையில்லை. கண்மணியின் அளவு, மூச்சு வீதம், நாடித்துடிப்பு, தசைத்துடிப்பு, நினைவுநிலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. வலிப்பு இருந்தால் 1. மொத்தம் 11. மூன்று வரை இலேசானது. 4 முதல் 7 வரை நடுத்தரம். 8 முதல் 11 வரை கடுமை.

அவருக்குக் கண்மணி குண்டூசி முனை: 2. மூச்சு நிமிடத்துக்கு 20க்கு மேல்: 1. நாடி 55: 1. உடல் முழுவதும் தசைத்துடிப்பு: 1. கூப்பிட்டால் தெளிவின்றி விடை: 1. மொத்தம் 6, நடுத்தரம். உடனே அட்ரோபின் ஊசி போட்டு, 108 வண்டியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது செய்ய வேண்டிய சரியான சிகிச்சை. ஆனால் அட்ரோபின் கண்மணியை விரிக்கும், நாடியை விரைவாக்கும். க.விலக்கில் மறுபடி எண்ணினால் அந்த இரண்டிலும் 3 மதிப்பெண் குறைந்திருக்கும். 6 என்பது 3 ஆகிவிட்டது. 'நடுத்தரம்' என்பது 'இலேசு' ஆகிவிட்டது. உடலிலுள்ள நஞ்சு அப்படியே இருக்கிறது. இதே அட்ரோபின் விரைவாக்கிய நாடிக்காக அப்பாச்சி-2 முறையில் மதிப்பெண் கூடவும் செய்யும். ஒரே மருந்து ஓர் அளவுகோலில் நோயைக் குறைத்துக் காட்டுகிறது, மற்றொன்றில் கூட்டிக் காட்டுகிறது.

ஓர் இடத்தில் முதலுதவி பெற்று மற்றோர் இடத்திற்கு மாற்றப்படும் நோயாளிகள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. சிற்றூர்க்காரர்களும் மலைக்காரர்களும் எப்போதும் மாற்றப்பட்டே வருகிறவர்கள். ஆகவே முதலில் பார்த்த மருத்துவர் எழுதிய தாள், அட்ரோபின் போடுமுன் இருந்த நிலையோடும் நேரத்தோடும், நோயாளியுடன் பயணம் செய்ய வேண்டும். அதுவே அவருடைய உண்மையான மதிப்பெண்.

மூன்றாம் நாள்

இரண்டாம் நாள் அவர் எழுந்து உட்காருகிறார். கஞ்சி குடிக்கிறார். மனைவியிடம் பேசுகிறார். வீட்டில் சிறு பிள்ளைகள். மனைவியும் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். இருவர் கூலியும் நின்றுவிட்டது. "இனி வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அழைத்துச் செல்லும் எண்ணம் வருவது இப்போதுதான்.

கரிமப் பாஸ்பரஸ் நஞ்சைப் பற்றி ஒவ்வொரு மலைத்தோட்டக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இங்கே இருக்கிறது. சேனாநாயக்கவும் கரலியத்தவும் 1987இல் உலகுக்கு அறிவித்த 'இடைநிலை நோய்க்குறி' அது. முதல் கட்ட நஞ்சு தணிந்து நோயாளி தேறியதுபோல் தோன்றும். பிறகு, நஞ்சேறிய 24 மணி முதல் 96 மணி நேரத்திற்குள், கழுத்துத் தசையும் தோள், தொடைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். இதற்கு அட்ரோபின் உதவாது. தசைகள் தாமே மீளும் வரை செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைத் தாங்கினால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். இந்த நோய்க்குத் தனி மருந்து கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் நாள்களே இதற்கு மருந்து.

முதல் 24 மணி நேரத்தை மட்டும் பார்த்து எழுதிய மதிப்பெண் இந்த மூன்றாம் நாளை முன்னறிவது கடினம். மதிப்பெண் குறைவு என்பதற்காகப் படுக்கையைக் காலி செய்யச் சொன்னாலும், கூலி போகிறது என்பதற்காகக் குடும்பமே அழைத்துச் சென்றாலும், அவர் இரவில் ஊரில் மூச்சு நின்று இறக்கக்கூடும். இதை முன்கூட்டிக் கண்டறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். தூக்க முடியாவிட்டால், தூக்கி நிறுத்த முடியாவிட்டால், உடனே செவிலியரை அழைக்க வேண்டும். ஒரே மூச்சில் அவர் எண்ணக்கூடிய எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைவதும் அதே அபாயத்தின் அறிகுறி. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட இவ்விரண்டையும் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

நாள்களை எண்ணும்போது யாரை விடுகிறோம்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கிய நாள்களின் சராசரியைக் கொண்டு மருத்துவமனையின் திறனை அளப்பது உலகெங்கும் வழக்கம். நாள் குறைந்தால் செலவு குறைவு, திறன் மிகுதி என்று கொள்ளப்படுகிறது. இந்த எண்ணுக்குள் மூன்று வகையினர் கலந்திருக்கிறார்கள்: குணமாகிப் போனவர், இறந்து போனவர், மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்லப்பட்டவர். இரண்டாம் நாளே இறந்தவரும் சராசரியைக் குறைக்கிறார். மூன்றாம் நாளில் கையெழுத்திட்டுப் போனவரும் குறைக்கிறார். பதினெட்டு நாள் கருவியோடு போராடி உயிரோடு வீடு திரும்பியவர் மட்டுமே சராசரியைக் கூட்டுகிறார். எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பிழைத்தவரே குறையாகத் தெரிவார்.

மருத்துவ ஆலோசனைக்கு மாறாகப் போனவரை 'உயிரோடு வெளியேறியவர்' என்று பதிந்தால் இறப்புக் கணக்கும் பொய்த்துவிடும். அவர் வீட்டில் இறந்ததை எந்த மதிப்பெண் தாளும் அறியாது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரும் துணை. ஆயினும் நோயாளியோடு இருப்பவரின் கூலியை அது தருவதில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாதபோதும் மக்கள் பாதியில் போவதற்கு இந்தக் கூலி இழப்பு ஒரு முதன்மைக் காரணம்.

பிற நாடுகளில் நடந்த சோதனை

மதிப்பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பார்த்த நாடுகள் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் விரலில் மாட்டும் உயிர்வளி அளவியைச் சோதித்தனர். கருவி 'போதுமான உயிர்வளி' என்று காட்டியபோதும், இரத்தத்தைச் சோதித்தால் குறைபாடு இருந்த நிகழ்வு வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. கருந்தோலில் கருவி பொய் சொல்கிறது. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் வந்த கருவிதான் இது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2019இல், மற்றோர் ஆய்வு வெளியானது. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று முடிவு செய்யும் கணினி முறை ஒன்று, நோயின் கடுமைக்குப் பதிலாக முன்பு ஆன மருத்துவச் செலவை அளவுகோலாகக் கொண்டிருந்தது. வழியில்லாததால் குறைவாகச் செலவு செய்த கறுப்பினத்தவர்கள் 'நலமானவர்கள்' ஆனார்கள். பிழையைத் திருத்தினால் கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டனர். கொரோனாவின்போது படுக்கைப் பங்கீட்டுக்குச் சில அமெரிக்க மாநிலங்கள் தேர்ந்தெடுத்த சோஃபா மதிப்பெண், கறுப்பினத்தவரின் இறப்பு வாய்ப்பை உள்ளதைவிட மிகுத்துக் காட்டியதும் தெரியவந்தது. 'பிழைக்கமாட்டார்' என்ற பட்டியலில் பிழைக்கக்கூடியவர்கள் சேர்ந்துவிடும் அபாயம் அது. மதிப்பெண் குறைத்துக் காட்டினாலும் கூட்டிக் காட்டினாலும் இழப்பு ஒரே பக்கத்தில் விழுகிறது.

அங்கே மருத்துவப் பதிவில் இனம் எழுதப்பட்டிருந்ததால் இந்தச் சோதனைகள் நடக்க முடிந்தது. இங்கே சாதியை வைத்து மதிப்பெண்களைச் சோதிக்கும் பழக்கம் உருவாகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுக்கு எந்த மதிப்பெண் எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பது மருத்துவத்தைச் சாதிமயமாக்குவது ஆகாது. ஏற்கெனவே உடலில் எழுதப்பட்டுவிட்ட சாதியைப் படிப்பதாகும். இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. எல்லா ஆய்வகப் பரிசோதனைகளும் கிடைக்காத மருத்துவமனைகளுக்கென, இலங்கை ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு 2017இல் தெற்காசிய நோயாளர்களின் பதிவுகளைக் கொண்டே 'டிராபிக்ஸ்' என்னும் எளிய மதிப்பெண்ணை உருவாக்கியது.

சட்டம் தரும் பிடி

மதிப்பெண் தாளும் தங்கிய நாள்களின் பதிவும் மருத்துவருக்கு மட்டும் உரியவை அல்ல. தொழிலாளியின் கையில் அவை சான்றாவணங்கள்.

1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், வேளாண்மையிலும் தோட்டங்களிலும் பூச்சிக்கொல்லி தெளிப்பவரைத் தன் இரண்டாம் அட்டவணையில் ஊழியராக ஏற்றது. வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்பதால் வழக்கு தொடுக்க முடியாது என்று சொல்லப்பட்டால் அது தவறு. விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, உரிமை கோருபவர் வழக்கமாக வாழும் இடத்திலும் கோரிக்கையைத் தாக்கல் செய்ய அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு இடமளித்தது. அச்சட்டம் இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடக்கப்பட்டுள்ளது. தொழிற்சங்கங்களும் வழக்குரைஞர்களும் இவ்வுரிமைகளைப் புதிய பிரிவுகளின்கீழ் வலியுறுத்த வேண்டும்.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் விதிகள், நஞ்சைக் கையாளும் தொழிலாளருக்கு மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்பு உடையும் மூச்சுக் காப்பும் தரவேண்டும் என்கின்றன. நச்சேற்ற நிகழ்வுகளைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் அதிகாரத்தைப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழங்குகிறது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்கள் இருபது பேருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் அந்த நஞ்சு செய்தியானது. ஆங்காங்கே ஒருவர் இருவராக விழும் மலைத்தோட்டத்தில் அப்படிச் செய்தி எழாது. எண்ணினால்தான் தெரியும்.

படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்புவதைப் பற்றியும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு உண்டு. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்னும் வேளாண் தொழிலாளி தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை ஏற்க மறுத்தன. அவருடைய சங்கமான பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி தொடுத்த வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதி செய்யும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. பணப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. வழக்கை நடத்தியது நிலமற்ற தொழிலாளரின் சங்கம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

நோயாளியின் குடும்பம் நான்கைக் கேட்கலாம். முதலில் பார்த்த மருத்துவமனையின் மாற்றுத்தாளில், ஊசி போடுமுன் இருந்த கண்மணி, நாடி, மூச்சு, நினைவுநிலை ஆகியவை நேரத்தோடு எழுதப்பட வேண்டும். நஞ்சு எப்படி ஏறியது என்னும் இடத்தில் 'தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையின்போது' என்று பதிய வேண்டும்; வெறுமனே 'நஞ்சு' என்று எழுதினால் அது தற்கொலை முயற்சியாகப் படிக்கப்பட்டு, தோட்டத்தின் பொறுப்பு மறைந்துவிடும். குறைந்தது நான்கு நாள் முடியும் வரை அழைத்துச் செல்ல அவசரப்படாமல், இடைநிலை நோய்க்குறி இல்லை என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு வெளியேற வேண்டும். பதிவுகளின் படியைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை பெரியவை. ஏலமலையின் அடிவாரத்திலுள்ள அரசு மருத்துவமனைகளில் அட்ரோபினும் செயற்கைச் சுவாசமும் இரவு பகலாகக் கிடைக்க வேண்டும். வேலையால் வந்த நச்சேற்றத்தில் நோயாளியோடு இருப்பவருக்கு நாள்கூலி ஈடு தரப்பட வேண்டும். நச்சேற்ற நிகழ்வுகள் கட்டாயமாகப் பதியப்பட்டு, தொழில் வாரியாகவும் சாதி வாரியாகவும், பெயர்கள் இன்றி வெளியிடப்பட வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகப் போனவர்களின் நிலை முப்பது நாள் கழித்துக் கேட்டறியப்பட்டு அதே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். 2022 இறுதியில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு நஞ்சுகளுக்கு விதித்தது 60 நாள் தடையே. கேரளம் 2011இலேயே மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் நஞ்சுகளைத் தடை செய்தது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடை ஒன்றுபோல் இல்லாவிட்டால், நஞ்சு ஜீப்பிலேயே எல்லை கடக்கும்.

குரங்கணித் தீயில் சிக்கியவர்களின் விழுக்காட்டை நாடு நாள்தோறும் கேட்டது. கேட்டதால் கருவிகளும் மருத்துவர்களும் வந்தார்கள், விசாரணையும் நடந்தது. அதே மலையிலிருந்து மாலை ஜீப்பில் வாந்தியெடுத்தபடி இறங்குகிறவருக்கும் ஒரு தாள் இருக்கிறது. அதில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று இன்று முதல் நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.